இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

முதலில் ஒரு திருத்தம். போன மாதம் இதே பகுதியில் எங்கள் ஊர்க் கிணறு ஒன்றின் படத்தைப் போட்டிருந்தேன். உள்சுவரில் பச்சைப் பசேலென்று தொங்கிய செடிக்கு, ‘தொட்டிகளில் வளர்க்கும் பாஸ்டன் பெரணி, கிணற்றுக்குள்ளும் வளர்கிறது’ என்று குறிப்பு எழுதியிருந்தேன். அது தவறு. செல்போன் செயலி ஒன்றில் படத்தைக் காட்டினேன், அது ஒரு பெயரைச் சொன்னது, நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “படம் நன்றாக இருக்கிறதம்மா. பெயர்தான் வேறு. பெரணிக்குப் பெயர் சொல்வதற்கு முன்னால் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பிப் பார்த்தீர்களா?” என்று மட்டும் எழுதியிருந்தார்.

நான் திருப்பிப் பார்க்கவில்லை. அதனால் அந்த வாரக் கடைசியில் புதியம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

அத்தை கண்ட ஓரத் தையல்

தூத்துக்குடி மாவட்டத்தில், ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். சுற்றிலும் கரிசல் மண், கருவேலம். ஊருக்குள் தெருவுக்குத் தெரு தையல் மெஷின் சத்தம். புதியம்புத்தூர் ரெடிமேட் என்றால் தென் மாவட்டங்களில் தெரியாத ஜவுளிக்கடைக்காரர் குறைவு. என் அத்தையும் முப்பது வருடமாக மெஷினில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கிணறு அத்தை வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய பழைய கிணறு. தண்ணீர் உப்பு. போர் போட்டு, குழாயும் வந்த பிறகு யாரும் அதில் இறைப்பதில்லை. விளிம்பிலிருந்து இரண்டு முழம் கீழே தொங்கிய ஒரு இலையைக் கொக்கிக் கம்பால் இழுத்துப் பறித்தேன்.

“ஏட்டி, கெணத்துப் பக்கம் குனிஞ்சு என்ன செய்யுத?” என்றபடி வந்த அத்தையிடம் இலையைக் கொடுத்தேன். வாங்கியதும் துணியைப் பார்ப்பதுபோலத் திருப்பினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

“இங்க பாரு, ஓரத்த மடிச்சு அடிச்சிருக்கு. உள்ள என்னமோ வெச்சு மடிச்சாப்புல இருக்கு” என்றார்.

அன்று மாலை ஆசிரியருக்குப் போன் போட்டு அத்தை சொன்னதைச் சொன்னேன். மறுமுனையில் ஒரே சிரிப்பு. “உங்கள் அத்தைக்குத் தெரிந்தது உங்கள் செயலிக்குத் தெரியவில்லை. அந்த மடிப்புதான் அடையாளம். அது டெரிஸ். இலை அமைப்பையும் நீங்கள் அனுப்பிய படத்தையும் சேர்த்துப் பார்த்தால் டெரிஸ் விட்டேட்டா” என்றார்.

லின்னேயஸ் 1753-ம் ஆண்டிலேயே பெயர் வைத்துவிட்ட செடி அது. புதிய இனமும் இல்லை, அரிய இனமும் இல்லை. ஆனாலும் நான் அதற்கு வேறொரு செடியின் பெயரை ஒட்டியிருந்தேன்.

பூ இல்லாத செடிக்கு அடையாளம் எது?

பெரணிகள் பூப்பதில்லை, காய்ப்பதில்லை, விதையும் கிடையாது. இலையின் அடிப்பக்கத்தில் பழுப்பு நிறப் புள்ளிகளோ கோடுகளோ தெரியும். பூச்சி அரித்துவிட்டது என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள்கூட உண்டு. அவை ஸ்போர்ப் பைகளின் கூட்டம். பைகள் காய்ந்து வெடித்ததும் தூசியைவிட மெல்லிய ஸ்போர்கள் காற்றில் பறந்துவிடும்.

பெரணிக்குப் பெயர் சொல்ல முதல் சாட்சி இந்தக் கூட்டம்தான். அது எங்கே இருக்கிறது, என்ன வடிவம், மேலே மூடி உண்டா? டெரிஸில் இலை ஓரம் முழுக்க ஒரே கோடாக ஓடும். இலையின் ஓரமே மடிந்து அதை மூடிக்கொள்ளும். அத்தை பார்த்தது இதைத்தான். தொட்டிகளில் வளர்க்கும் பாஸ்டன் பெரணி நெஃப்ரோலெபிஸ் என்ற வகையைச் சேர்ந்தது. அதில் ஸ்போர்கள் வந்தால் தனித்தனிப் புள்ளிகளாக வரிசையில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி மூடி. மேலிருந்து படம் எடுத்தால் இரண்டும் அக்கா தங்கை மாதிரி தெரியும். திருப்பினால் வேறு வேறு குடும்பம்.

இரண்டாவது சாட்சி செதில். தண்டின் அடியிலும் இலைக்காம்பின் அடியிலும் மீன் செதில் மாதிரி, அல்லது மயிர் மாதிரி இருக்கும். அதன் நிறம், அகலம், ஓரத்தில் பல் இருக்கிறதா என்று கைலென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள். மூன்றாவது நரம்பு. வெளிச்சத்துக்கு எதிரே இலையைப் பிடித்தால் நரம்புகள் தனித்தனியாக ஓடுகின்றனவா, வலைபோலப் பின்னிக்கொள்கின்றனவா என்று தெரியும். நான்காவது இலை பிரியும் விதம். எங்கள் கிணற்றுச் செடியில் நுனிச் சிற்றிலை நீளம், அடிக்குப் போகப் போகச் சிற்றிலைகள் குட்டையாகிக்கொண்டே வரும். ஐந்தாவது அது வளரும் இடம். பாறையா, மரக்கிளையா, ஓடைக்கரையா, சுண்ணாம்புச் சுவரா? டெரிஸ் விட்டேட்டா சுண்ணாம்பை விரும்பும் செடி. பழைய காரைச் சுவர்களில் அது வேர் பிடிப்பது தற்செயல் இல்லை.

கரிசலுக்கு எப்படி வந்தது?

‘பெரணி என்றால் குற்றாலம், கொடைக்கானல். நம்ம வெயிலுக்கு அது எங்கே வரும்?’ என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. ஸ்போருக்கு வருவது பிரச்னையே இல்லை, காற்று கொண்டுவந்துவிடும். பிரச்னை அதற்குப் பிறகுதான். ஸ்போர் முளைத்ததும் பெரணி வராது. முதலில் நகத்தளவுகூட இல்லாத, இதய வடிவப் பச்சைத் தகடு ஒன்று வரும். அதில் உருவாகும் ஆண் செல் நீந்திப் போய்த்தான் பெண் செல்லைச் சேர வேண்டும். அதற்கு மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். அந்த ஈரம் இல்லையென்றால் எத்தனை கோடி ஸ்போர் வந்தும் பயனில்லை.

அதனால்தான் ஈரம் காயாத மலைக்காடு பெரணிகளின் வீடு. கரிசலில் அந்த ஈரம் கிடைக்கும் இடங்களில் ஒன்று கிணற்றின் உள்சுவர். எட்டிப் பார்த்தால் எங்கள் கிணற்றிலேயே இன்னும் கீழே, கறுப்புக் கம்பிபோன்ற மெல்லிய காம்புகளோடு வேறொரு பெரணியும் இருக்கிறது. அது அடியாண்டம் வகை. கையெட்டாத ஆழத்தில் இருப்பதால் இனப் பெயர் சொல்ல மாட்டேன், ஒரு முறை பட்டது போதும்.

வெயிலிலேயே வாழக் கற்றுக்கொண்டவையும் உண்டு. பாறை இடுக்குகளில் குட்டிப் பனையோலை விசிறிபோல வளரும் மயூரசிகை ஒரு பெரணி. கோடையில் சுருண்டு செத்ததுபோல இருக்கும், மழை விழுந்ததும் விரியும்.

பொதிகை மலையும் பெரணிப் புத்தகமும்

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பெரணிகள் எத்தனை? 2016-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டின்படி 10,578 இனங்கள். இந்தியாவில் ஆயிரத்துக்கு மேல் உண்டு. அதில் பெரும்பங்கு இமயமலையின் கிழக்குப் பகுதியிலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது.

தென்னிந்தியப் பெரணிகளுக்குப் படத்தோடு முதல் பெரிய புத்தகம் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம். 1848-ல் ராணுவ அதிகாரியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்து, பிறகு வனத்துறைக்கு மாறி, 1860-லிருந்து 1882 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். ஆனைமலையிலும் நீலகிரியிலும் திருநெல்வேலி மலைகளிலும் ஏறி இறங்கினார். 1863-ல் வெளிவரத் தொடங்கிய அவரது ‘தென்னிந்தியப் பெரணிகள்’ நூலில் 200-க்கும் அதிகமான படங்கள் இருக்கின்றன. அந்தக் காலத் தாவர நூல்களின் படங்களுக்குப் பின்னால் நம் ஊர் ஓவியர்களின் கைகள் இருந்தன. ராபர்ட் வைட்டுக்கும் பிறகு பெட்டோமுக்கும் செடிகளை வரைந்த கோவிந்து என்பவர் அவர்களில் ஒருவர். அவர் நினைவாக ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயியா’ என்றுகூடப் பெயர் வைத்தார் வைட்.

அதற்கு நூறு வருடத்துக்குப் பிறகு இந்த வேலையை மறுபடி கையில் எடுத்தவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் அருட்தந்தை வி.எஸ்.மாணிக்கம் 1986-ல் பழனி மலைப் பெரணிகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வி.இருதயராஜுடன் சேர்ந்து 1988-ல் மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளின் குரோமோசோம்கள் பற்றியும், 1992-ல் அந்த மலைத்தொடரின் தென்னிந்தியப் பெரணிகள் முழுவதைப் பற்றியும் எழுதினார். இன்றைக்கும் இந்த மலைகளில் பெரணி தேடிப் போகிறவர்கள் புரட்டிப் பார்க்கும் புத்தகம் அது. பாலிஸ்டிகம் மாணிக்கமியானம் என்ற பெரணி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

புதிய இனம் என்று எப்போது சொல்லலாம்?

‘அரிய வகைச் செடி’, ‘புதிய வகைப் பெரணி கண்டுபிடிப்பு’ என்று செய்தி எழுதுவது எங்களுக்கு ஐந்து நிமிட வேலை. அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு எவ்வளவு நாள் வேலை என்று ஆசிரியரிடம் கேட்டேன். “சில வருடம் ஆகலாம்” என்றார்.

காட்டில் வித்தியாசமான ஒரு செடி கண்ணில் பட்டால், முதலில் அனுமதியோடு மாதிரி சேகரிக்க வேண்டும். செய்தித்தாள்களுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, இடம், தேதி, உயரம், எதன்மேல் வளர்ந்தது, யார் சேகரித்தது என்று சீட்டு எழுத வேண்டும். இப்படிப்பட்ட காய்ந்த செடிகளின் நூலகத்துக்குத்தான் ஹெர்பேரியம் என்று பெயர். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் பெரிய ஹெர்பேரியம் இருக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலும் ஒன்று உண்டு.

அடுத்தது ஒப்பிடும் வேலை. ஏற்கெனவே பெயர் வைத்த இனங்களின் மாதிரிகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டோம் சேகரித்தவை லண்டன் வரை போயிருக்கின்றன. நாம் புதியது என்று நினைப்பதற்கு 150 வருடத்துக்கு முன்பே யாராவது பெயர் வைத்திருக்கலாம். வைத்திருந்தால் பழைய பெயருக்கே முன்னுரிமை. அப்படி ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு, ஒரே ஒரு மாதிரியை ‘மூலப்படிவம்’ என்று அறிவித்து ஹெர்பேரியத்தில் வைக்க வேண்டும். இனிமேல் அந்தப் பெயருக்குச் சாட்சி அந்தக் காய்ந்த இலைதான். மற்ற இனங்களிலிருந்து இது எதில் வேறுபடுகிறது என்ற விளக்கத்தோடு முறைப்படி வெளியானால்தான் பெயர் செல்லும். 1935-லிருந்து இந்த விளக்கம் லத்தீனில்தான் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2012 ஜனவரி 1 முதல் லத்தீன் அல்லது ஆங்கிலம் என்று தளர்த்தினார்கள்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளம் மட்டும் சில சமயம் போதாது. பெரணிகள் கலப்பினம் உண்டாக்குவதில் கெட்டிக்காரர்கள். குரோமோசோம் எண்ணினால்தான் பல குழப்பங்கள் தீரும். இதில் ஒரு உலக சாதனையே இருக்கிறது. மனிதனுக்கு 46 குரோமோசோம். 1954-ல் திருவனந்தபுரத்தில் ஏ.ஆபிரகாமும் சி.ஏ.நைனானும் ஓபியோகிளாசம் ரெட்டிகுலேட்டம் என்ற சின்னப் பெரணியில் எண்ணியபோது ஆயிரத்து இருநூறைத் தாண்டியது. பின்னால் வந்த ஆய்வில் 1,440 வரை எண்ணினார்கள். தாவரம், விலங்கு எதிலும் இதற்கு மேல் எண்ணியதில்லை. அதே குடும்பத்தில் குஜராத்தின் டாங் மாவட்டக் காட்டில் கண்டுபிடித்த ஓபியோகிளாசம் மால்வியே ஒரு சென்டிமீட்டர் அளவுதான் உயரம். உலகின் மிகச் சிறிய தரைவாழ் பெரணி என்று 2018-ல் அறிவித்தார்கள். அது தனி இனம் என்று நிறுவ ஸ்போரின் மேலோட்டை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருந்தது.

பெயர் மாறினால் என்ன ஆகிவிடும்?

படத்துக்குக் கீழே தப்பான பெயர் வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று என் சக நண்பன் கேட்டான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அத்தை கேட்ட ஒரு கேள்விதான் என்னை மாற்றியது.

“ஆரைக்கீரையும் இந்த இனம்தான்னு அந்த சார் சொன்னாராமே, அப்ப இதையும் கடையலாமா?”

ஆரைக்கீரை ஒரு பெரணி என்பது உண்மை. கண்மாய் ஓரத்திலும் வயலிலும் நான்கு இலையோடு நிற்கும் அதுவும் பூக்காது. வேருக்குப் பக்கத்தில் பயறுபோலக் கெட்டியான உறைகளை உண்டாக்கும். கண்மாய் வற்றிக் கரிசல் வெடித்தாலும் அந்த உறைகள் பல பத்து வருடங்கள் உயிரோடு இருக்கக்கூடியவை. தண்ணீர் வந்ததும் முளைக்கும். அதோடு குழப்பிக்கொள்ளும் புளியாரைக்கு மூன்று இலை, மஞ்சள் பூ, புளிப்பு. அது பெரணியே இல்லை.

ஆரையின் ஆஸ்திரேலிய உறவுக்கு நார்டூ என்று பெயர். அதன் உறைகளை அந்த மண்ணின் பழங்குடிகள் முறைப்படி பக்குவம் செய்து சாப்பிட்டு வந்தார்கள். 1861-ல் பர்க், வில்ஸ் என்ற இரண்டு ஆய்வுப் பயணிகள் கூப்பர் கிரீக் பகுதியில் உணவு தீர்ந்து அதையே அரைத்துச் சாப்பிட்டார்கள். சாப்பிடச் சாப்பிட மெலிந்து இறந்துபோனார்கள். பக்குவம் தெரியாமல் சாப்பிட்டதால் அதிலுள்ள ஒரு நொதி உடலின் பி1 வைட்டமினை அழித்திருக்கும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. யான்ட்ருவாந்தா பழங்குடிகள் பார்த்துக்கொண்ட ஜான் கிங் மட்டும் உயிரோடு ஊர் திரும்பினார்.

எங்கள் கிணற்றுச் செடியின் கதை இன்னும் நேரடியானது. டெரிஸ் விட்டேட்டா மண்ணிலிருக்கும் ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் என்று 2001-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டுபிடித்தார்கள். ஆர்சனிக் கலந்த மண்ணைச் சுத்தம் செய்ய இதை வளர்க்கிறார்கள். நஞ்சு இருக்கும் மண்ணில் இது நல்ல துப்புரவாளர், அதே காரணத்தால் தட்டுக்கு ஆகாது. “கடையக் கூடாது அத்தே” என்று சொன்னேன். தப்பான பெயரோடு விட்டிருந்தால் இந்தத் தகவல் எதுவும் எனக்குக் கிடைத்திருக்காது. பெயர்தான் தேடுவதற்கான சாவி.

கிணறு என்ன ஆகும்?

நான் ஊரில் இருந்த அன்றே வேறொரு பேச்சும் நடந்தது. மாமா கிணற்றை கான்கிரீட் போட்டு மூடப் போகிறார். காரணம் நியாயமானது. பேரப்பிள்ளைகள் கொல்லையில் ஓடி விளையாடுகிறார்கள். கொசுத் தொல்லையும் இருக்கிறது. செடிக்காகக் குழந்தைகளின் உயிரோடு விளையாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை.

முழுக்க மூடினால் வெளிச்சம் போகும், வெளிச்சம் போனால் செடி போகும். அதை மட்டும் சொன்னேன். இந்தச் செடி உலகத்தில் இதோடு அழிந்துவிடப் போவதில்லை. ஆனால் எங்கள் தெருவில் முன்பு ஏழெட்டுக் கிணறுகள் இருந்ததாக அத்தை சொல்கிறார். இப்போது திறந்திருப்பது இது ஒன்றுதான். தெருவைப் பொறுத்தவரை இதுதான் கடைசி.

“கம்பி வலையில மூடி போட்டா என்ன? கொசுவுக்குக் கம்போசியா மீன் வாங்கி விட்டா ஆச்சு” என்றார் அத்தை. மாமா பதில் சொல்லவில்லை. போன வாரம் போனில் கேட்டபோது, வெல்டிங் பட்டறையில் வலைக்கு விலை கேட்டிருப்பதாகச் சொன்னார். கான்கிரீட்டைவிட அதிகம் வருகிறதாம். இன்னும் முடிவாகவில்லை.

நீங்களும் அனுப்பலாம்

உங்கள் வீட்டுக் கிணற்றிலோ கோயில் தெப்பக்குளச் சுவரிலோ பெரணி இருந்தால், படம் எடுத்து அனுப்புங்கள். முழுச் செடி ஒரு படம். இலையின் அடிப்பக்கம் கிட்டத்தில் ஒரு படம். காம்பின் அடி ஒரு படம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒன்று. அது வளரும் இடம் தெரிய ஒன்று. ஊர்ப் பெயரும் தேதியும் கட்டாயம். கிணற்றுக்குள் இறங்க வேண்டாம், எட்டிக் குனியவும் வேண்டாம். மலைக்குப் போனால் அனுமதி இல்லாமல் ஒரு இலையைக்கூடப் பறிக்க வேண்டாம். படங்களைப் பார்த்துத் தரச் சம்மதித்திருக்கிறார் நம் ஆசிரியர். அடையாளம் உறுதியானால் மட்டுமே பெயர் போடுவோம். இல்லையென்றால் ‘ஒரு பெரணி’ என்றே இருக்கட்டும்.

நான் பறித்த இலையை அத்தை பழைய செய்தித்தாளுக்குள் வைத்து, டெலிவரிக்குக் கட்டிவைத்த நைட்டி பண்டலுக்கு அடியில் பத்து நாள் அழுத்தினார். சுருக்கமில்லாமல் காய்ந்துவிட்டது. இடமும் தேதியும் இல்லாத மாதிரி வெறும் சருகு என்று ஆசிரியர் சொல்லியிருந்ததால் சீட்டும் எழுதினோம். டெரிஸ் விட்டேட்டா. புதியம்புத்தூர். கிணற்றின் உள்சுவர், சுண்ணாம்புக் காரை, விளிம்பிலிருந்து இரண்டு முழம் கீழே. சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். அடையாளம் கண்டவர் என்ற இடத்தில் ஆசிரியர் பெயரை எழுதப் போனேன். அவர் மறுத்துவிட்டார்.

“ஓரம் மடிந்திருக்கிறது என்று முதலில் பார்த்தது யார்? அவர் பெயரை எழுதுங்கள்” என்றார். எழுதிவிட்டேன்.